கவர்னரின் ஜாடியும் லவோன் ஹார்ம்ஸின் நாற்காலியும்

என் மாங்காய் ஊறுகாய்க்கு வெள்ளை ரிப்பன் ஒட்டிய நாளில் இருந்து லவோன் ஹார்ம்ஸை எனக்குத் தெரியும். எங்கள் கவுண்டியின், அதாவது இந்த அமெரிக்க மாவட்டத்தின், பொருட்காட்சியில் நீல ரிப்பன் முதல் தரம், சிவப்பு இரண்டாம் தரம். வெள்ளை என்றால், வந்ததற்கு நன்றி, போய் எலுமிச்சைச் சாறு குடியுங்கள் என்று அர்த்தம்.

அப்போது நான் இந்த ஊருக்குப் புதிது. ஊரின் ஒரே மருந்துக்கடையில் மருந்து கொடுக்கிற வேலை. நாலு பேர் பழக்கம் கிடைக்கட்டும் என்று ஊறுகாயைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துப் போட்டிக்கு வைத்தேன். நடுவராக இருந்த லவோன் அம்மாள் ஜாடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் முகம் கல்லாகவே இருந்தது.

"நிறம் ரொம்ப அழகா இருக்கு," என்றார். "ஆனா மேல எண்ணெய் மிதக்குது. எங்க விதிப்படி மேல எதுவும் மிதக்கக் கூடாது."

"எண்ணெய் மிதந்தாத்தாங்க அது ஊறுகாய்," என்றேன்.

"இருக்கலாம். விதிய நான் எழுதலையே."

சாயங்காலம் ஜாடியை எடுத்துவரப் போனேன். ஜாடி காலி. வழித்துத் துடைத்துக் கழுவியே வைத்திருந்தார்கள். நடுவர் ஒரு துண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு, அதை நானே படித்திருந்தேன். கேட்டுவிட்டேன்.

"நடுவரா ஒரு துண்டுதான் சாப்பிட்டேன்," என்றார் லவோன், சிரிக்காமல். "மிச்சத்த அஞ்சு மணிக்கு மேல லவோனா சாப்பிட்டேன். இன்னும் இருக்கா?"

அவர் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு ஆள், எழுந்தால் வேறு ஆள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்றே எனக்குச் சந்தேகம்.

அவர் பன்றிப் பண்ணையில் பிறந்து, அடுத்த பன்றிப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்காரர் டெல்மர் சோளமும் சோயாவும் போடுகிற மனிதர். ஒரு வார்த்தைக்கு ஒரு டாலர் வரி என்று யாரோ சின்ன வயதில் அவரிடம் சொல்லிவிட்டார்கள் போல, பேசவே மாட்டார். பிள்ளைகள் இருவரும் படித்துத் தூர நகரங்களுக்குப் போய்விட்டார்கள். லவோனுக்கு மிஞ்சியது பொருட்காட்சி நடக்கும் ஆகஸ்ட் மாதம். அங்கே ஜாம், ஜெல்லி, ஊறுகாய் மேசைக்குப் பின்னால் இருந்த அந்த இரும்பு மடக்கு நாற்காலிக்குத் தன் கையால் மெத்தை தைத்து, அதற்கு ஒவ்வொரு வருடமும் உறை மாற்றுவார். தன் வீட்டுச் சோபாவுக்கு அவர் உறை மாற்றி நான் பார்த்ததில்லை.

நடுவரான முதல் வருடமே தன் மாமியாரின் ஸ்ட்ராபெரி ஜாமுக்கு வெள்ளை ஒட்டினார். பெயர்ச்சீட்டு மடித்துத்தான் இருக்கும், யாருடையது என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. தெரியாமல்தான் செய்தேன் என்றார் லவோன். மாமியார் ஜாடிகளுக்கு மட்டும் பூப்போட்ட துணித் தொப்பி உண்டு, கவுண்டி முழுக்க அது தெரியும். அதற்குப் பிறகு மாமியார் மூச்சு உள்ளவரை மருமகளிடம் நேராகப் பேசவில்லை. "உப்பை இப்படித் தள்ளச் சொல்லு" என்பதைக்கூட டெல்மர் வழியாகத்தான் சொன்னார். பாவம் டெல்மர், வாழ்நாளில் பேச வேண்டியதை எல்லாம் அந்தக் காலத்திலேயே பேசித் தீர்த்துவிட்டார் என்பது என் கணிப்பு.

இன்னொன்று பாதிரியார் மனைவியின் விவகாரம். அந்த அம்மாள் கடையில் வாங்கிய பீச் ஜாமை வீட்டு ஜாடியில் ஊற்றி வைத்துவிட்டார். லவோன் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "கடையில வாங்கினது," என்று ஒரே வார்த்தை. இங்கே பெண்டாட்டியை விட்டு ஓடினவனை மன்னிப்பார்கள், வரி ஏய்த்தவனுக்கு வாழ்த்துச் சொல்வார்கள், கடைச் சரக்கை வீட்டுச் சரக்கு என்று பொருட்காட்சியில் வைத்தால் கதை முடிந்தது. பாதிரியார் குடும்பம் இலையுதிர் காலத்துக்குள் வேறு மாநிலத்துக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டது.

நடுவரின் வீட்டார் யாரும் அந்த மேசையில் போட்டியிடக் கூடாது என்று மாமியார் விவகாரத்துக்குப் பிறகு வந்த விதிதான் எல்லாவற்றிலும் கொடியது. டெல்மர் போடுகிற வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு ஈடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மனைவி நாற்காலியில் இருக்கும்வரை அவர் ஊறுகாய்க்கு மேசையில் இடமில்லை. அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அவர் எதற்குமே குறைப்பட்டுக்கொண்டதில்லை.

இந்த நிலைமையில்தான் கவர்னர் வந்து மாட்டினார்.

எங்கள் கவர்னர் நம்மூரைப் போல மேலிருந்து அனுப்பி வைக்கப்படுகிறவர் அல்ல, ஓட்டுக் கேட்டு ஜெயித்து வருகிறவர். பெயர் ஹாலிஸ் பிரென்னர். பார்க்க இனிமையானவர், எந்தக் குழந்தையைக் கொடுத்தாலும் தூக்கிக்கொள்வார். மறுபடியும் தேர்தல் வந்தது. எட்டு வருடத்தில் ஆற்றுக்கும் மண்ணுக்கும் காற்றுக்கும் என்ன செய்தார் என்று இரண்டு சங்கங்கள் மதிப்பெண் போட்டன. தலைநகரத்துச் சுற்றுச்சூழல் சங்கம் அவரைப் பெயில் ஆக்கியது. உர வியாபாரிகள் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்து விருந்தும் வைத்தது. இரண்டு சங்கத்து ஆட்களும் எங்கள் ஓடையில் காலை நனைத்தார்களா என்றால், இல்லை. ஏரிக்கரையில் "குளிக்காதீர்" பலகை வந்து பல வருடமாயிற்று. பிள்ளைகள் அதன் மேல் துண்டைக் காயப்போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ரேடியோக்காரர் இதைப் பற்றிக் கேட்டபோது கவர்னர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தலைநகரத்து மேதாவிகள் போடற மார்க்கு எனக்கு வேண்டாம். ஏதாவது ஒரு கவுண்டிப் பொருட்காட்சியில ஜாம் நடுவர் அம்மா ஒருத்தர் எனக்கு மார்க்குப் போடட்டும், ஏத்துக்கறேன்."

மாநிலமே சிரித்தது. லவோன் சிரிக்கவில்லை. சமையலறையில் சோளம் உரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டுக் கவர்னர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். இங்கத்து ஜனங்களின் கோளாறு இது. "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டால், மறுவாரம் கையில் பலகாரத் தட்டோடு வாசலில் நிற்பார்கள். ரேடியோவில் சொன்னதை எவனாவது சும்மா சொல்வானா என்பது லவோனின் எண்ணம்.

"கவர்னர் போட்டிக்கு வரேன்னு சொன்னாரு. அதான், அவருக்குன்னு புதுசா ஒரு பிரிவு திறந்திருக்கேன்," என்று அவர் போனில் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். "சரக்க ஜாடியில கொண்டாரணும். ஆமாங்க, தண்ணிதான். வேற என்னத்த ஜாடியில அடைக்க முடியும்? காத்தயா?"

அலுவலகத்தில் இருந்தவர்கள் இதைக் கடவுள் அனுப்பிய விளம்பரம் என்று நினைத்தார்கள். கவர்னர், கிழவி, நீல ரிப்பன், புகைப்படம். உடனே ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளாதவர் டுவைன். டெல்மரின் தம்பி, பொருட்காட்சிக் குழுவின் தலைவர், ஆயிரக்கணக்கில் பன்றி வளர்ப்பவர். பொருட்காட்சிப் பன்றிக் கொட்டகையின் கூரை ஒழுகியது, போன வருடம் பரிசு வாங்கிய பன்றி நனைந்துகொண்டே ரிப்பன் வாங்கியது. புதுக் கூரைக்கு அரசாங்கப் பணம் தருவதாகக் கவர்னர் அதே நாளில் அறிவிப்பதாக இருந்தார். டுவைன் மருந்துக்கடைக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தவர், "கோமதி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, உங்க ஊறுகாய்க்காகவாவது கேப்பாங்க," என்று என்னையும் இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்.

லவோன் காப்பி ஊற்றினார். டெல்மர் மேசை ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போல இருந்தார்.

"அண்ணி, சுத்தி வளைக்கல," என்றார் டுவைன். "அந்த ஆளுக்கு நீலத்த ஒட்டி விட்டுருங்க. ஒரு சாண் துணி. அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

"ஜாடி வரட்டும்."

"வந்தா நீலம்தான?"

"வந்தா பாப்பேன்."

"தண்ணியில என்ன அண்ணி பாக்கறது? அவரு நல்ல மனுஷன். எங்களக் கட்டாயப்படுத்தினாரா? விருப்பப்பட்டவங்க உரத்தக் கொறைங்க, விருப்பப்பட்டவங்க ஓடையோரம் புல்லு போடுங்கன்னு எவ்வளவு மரியாதையாச் சொன்னாரு."

"உங்க அண்ணன்கிட்ட விருப்பப்பட்டா குப்பைய வெளிய வைங்கன்னு நான் சொல்லிருந்தேன்னா, இந்நேரம் குப்பைக்குள்ள குடித்தனம் பண்ணிட்டிருப்போம்."

டெல்மர் எழுந்து போய்க் குப்பையை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

டுவைன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "அப்ப இதையும் சொல்லிடறேன். வெள்ளையோ சிவப்போ ஒட்டுனீங்கன்னா அடுத்த வருஷம் அந்த நாற்காலி உங்களுக்கு இல்ல. குழுவுல பேசியாச்சு. எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு."

 காப்பிக் கெண்டியை அடுப்பில் வைக்கப் போன லவோன், வைத்துவிட்டு அதன் பிடியை விடாமல் அங்கேயே நின்றார்.  அந்த நாற்காலியை எடுத்துவிட்டால் அந்த அம்மாளிடம் ஆகஸ்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், டுவைனுக்கும் தெரியும்.

"காப்பி ஆறுது, குடி," என்றார் கொழுந்தனிடம், திரும்பாமலே.

போட்டி நாளன்று காலையே கவர்னரின் உதவியாளர் வந்து சேர்ந்தார். பெயர் பிரெஸ்டன், நாற்பது வயது, பால் போல வெள்ளை ஷூ. பொருட்காட்சிக்கு வெள்ளை ஷூவில் வருகிறவரைப் பார்த்ததும் பன்றி வளர்ப்பவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள், சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பவும் வசதியாக இருந்தது. அவர் ஜாடியை மேசையில் வைத்தார். உள்ளே தண்ணீர் வைரம் போல மின்னியது.

லவோன் அதை வெளிச்சத்தில் பிடித்தார். திறந்து மோந்தார்.

"எந்த ஓடைத் தண்ணி தம்பி?"

"நம்ம மாநிலத்து ஓடைங்க."

"ஓடைக்குப் பேரு இருக்குமே?"

பிரெஸ்டன் யோசித்தார். லவோன் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். கூடத்தில் அப்பம் வைக்க வந்த பெண்கள், தேன் வைக்க வந்த கிழவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். பாதிரியார் மனைவியின் காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு அமைதியை அந்தக் கூடம் கண்டதில்லை.

"கடையில வாங்கினது," என்றார் லவோன்.

பிரெஸ்டன் சிவந்து போனார். "வழியில ஒரு ஓடையப் பாத்தேங்க. டீ மாதிரி இருந்துச்சு. கவர்னரோட பேரு ஒட்டற ஜாடி, நல்லா இருக்கட்டுமேன்னு…"

"போட்டிக்காரர் சொந்தமா தயாரிச்சதா இருக்கணும். மத்தியானம் வரைக்கும் மாத்தி வைக்கலாம், விதி இருக்கு."

"இங்க எங்கேங்க பிடிக்கறது?"

"வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்," என்றது ஒரு குரல். யாரென்று பார்த்தால் டெல்மர். அவர் தானாக முன்வந்து பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தக் காலை நேரத்தில் யாருக்காவது தலையில் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். யாருக்கும் அடிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். பிரெஸ்டனின் ஷூ பால் வெள்ளையாகவே இருந்தது. ஜாடித் தண்ணீர் அதைவிடச் சுத்தமாக இருந்தது. டுவைன் அதைப் பார்த்துவிட்டு மாத்திரை போடாமலே தெம்பானார்.

இரண்டு மணிக்குக் கவர்னர் வந்தார். பன்றிக் கொட்டகையில் கூரைப் பணத்தை அறிவித்துவிட்டு, குச்சியில் செருகிய கறியைக் கடித்துக்கொண்டு, வழியில் அகப்பட்ட குழந்தைகளைத் தூக்கி இறக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஏணி மேல் நின்றார். கவுண்டியில் பாதி அங்கேதான் வியர்த்துக்கொண்டிருந்தது.

லவோன் புது உறை போட்ட மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜாடியை வெளிச்சத்தில் பிடித்தார். மூடியைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "கோமதி, அந்தத் தாளக் குடு," என்றார். கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க மருந்துக்கடையில் ஒரு தாள் விற்கிறேன், அதில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வயலில் போட்ட உரம் தண்ணீரில் இறங்கியிருந்தால் அது இளஞ்சிவப்பாகும். கூடக் கூட நிறமும் ஏறும்.

தாளை முக்கினார். முதலில் பன்றிக்குட்டி மூக்கின் நிறத்தில் இருந்தது. பிறகு பீட்ரூட்டாகிவிட்டது.

"இது என் மனைவிக்குப் பிடிச்ச கலருங்க," என்றார் கவர்னர். சிலர் சிரித்தார்கள்.

நடுவர் முதலில் ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும் என்பது விதி. "ஜாடி நல்லா கழுவியிருக்கு," என்றார் லவோன். "மூடி சரியா இறுகியிருக்கு. இந்தத் தெளிவு, சொல்லப்போனா, ஆப்பிள் ஜெல்லியிலகூட நான் பாத்ததில்ல."

டுவைன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார்.

"ஆனா உள்ள இருக்கறதப் பொறந்த குழந்தைக்குக் குடுக்க முடியாது. அத அப்புறம் பேசுவோம். தயாரிச்ச விதத்தக் கேக்கணும். எங்க பிடிச்சீங்க?"

பிரெஸ்டன் உற்சாகமாகச் சொன்னார். "ஓடையோரம் ஒரே சேறுங்க. ஹார்ம்ஸ் ஐயாதான் உங்க ஷூ பாழாயிடும்னு சொல்லி அவரு வயல் பக்கம் கூட்டிட்டுப் போனாரு. அங்க கரையில ஒரு குழாய் நீட்டிட்டிருக்கு, ஓடைக்குள்ள கொட்டுது. கண்ணாடி மாதிரித் தண்ணி. அதுலதான் பிடிச்சோம்."

வயலுக்கு அடியில் புதைத்த வடிகால் குழாயின் வாய் அது. மழைத் தண்ணீர் வயலை நனைத்து, உரத்தையும் கரைத்துக்கொண்டு, அந்த வழியாகத்தான் ஓடைக்கு இறங்கும். இந்தக் கவுண்டியில் அது இல்லாத வயல் இல்லை. அந்த வாயில் யாரும் ஜாடியைப் பிடித்ததில்லை, அவ்வளவுதான்.

எல்லாத் தலையும் டெல்மர் பக்கம் திரும்பியது. டெல்மர் தன் தொப்பிக்குள்ளே எதையோ தேடினார்.

லவோன் வெகுநேரம் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். கோபம் இல்லை. அது எனக்குப் புதிதாக இருந்தது. பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"இதுல எங்க வீட்டுச் சரக்கு இருக்கு," என்றார். "நான் இதுக்கு நடுவரா இருக்க முடியாது."

டுவைனுக்கு உயிர் வந்தது. "அப்ப சரி. தீர்ப்பு இல்ல. விதின்னா விதி. எல்லாரும் கவர்னருக்கு ஒரு கைதட்டுங்க," என்றார். கவர்னர் கையை உயர்த்திவிட்டார்.

லவோன் எழுந்தார். மெத்தையை நாற்காலியிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். மேசையை மெதுவாகச் சுற்றிக்கொண்டு போட்டிக்காரர்கள் நிற்கும் பக்கத்துக்கு வந்து, கவர்னரின் தோளோடு தோளாக நின்றார். அந்தப் பக்கம் அவர் நின்று இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"இப்ப நான் நடுவர் இல்ல. அதனால மொதல்ல நல்லதச் சொல்லணும்கற விதி எனக்கு இல்ல," என்றார். "ஐயா கவர்னரே, இந்த ஜாடி நம்ம ரெண்டு பேரோடது. பண்டம் எங்களோடது. உரம் நாங்க போட்டது, பன்னிச் சாணி டுவைன் கொட்டினது, குழாய் எங்க வீட்டுக்காரரு பதிச்சது. பக்குவம் உங்களோடது. விருப்பப்பட்டா செய்யுங்கன்னு எட்டு வருஷமா சொன்னீங்க. நாங்க விருப்பப்படல. ஓடையில தண்ணியச் சோதிக்க வெச்சிருந்த கருவிய எல்லாம் செலவு மிச்சம்னு எடுத்தீங்க. அப்பாடான்னு இருந்தோம். தெர்மாமீட்டர ஒடச்சிட்டா காய்ச்சல் போயிருமா? ஆனா ஒடச்சப்போ நாங்க யாரும் தடுக்கலையே."

கவர்னர் வாயைத் திறந்தார். லவோன் நிறுத்தவில்லை.

"அடுத்தவ ஜாம்ல ஒரு தூசி கெடந்தா வெள்ளை ஒட்டினவ நான். பெத்த தாய் மாதிரி இருக்க வேண்டிய மாமியாருக்குக்கூட ஒட்டினேன். எங்க வீட்டுக் குழாய் வாய்ல என்ன வருதுன்னு ஒரு நாள் குனிஞ்சு பாக்கல. இந்த மேசையில நான் பாத்ததுலயே மோசமான சரக்கு இதுதான். எனக்கு வெக்கமா இருக்கு. நீங்களும் கொஞ்சம் பக்கத்துல நின்னு வெக்கப்படுங்க."

 போட்டிக்காரர்கள் தங்கள் ஜாடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஏணி மேல் இருந்த பத்திரிகைக்காரர் பழக்கதோஷத்தில், "ரெண்டு பேரும் ஜாடியப் பிடிங்க, இங்க பாருங்க," என்றார். கவர்னரும் பழக்கதோஷத்தில் ஜாடியை ஒரு கையிலும் பீட்ரூட் நிறத் தாளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். பக்கத்தில் மெத்தையோடு லவோன். மறுநாள் அந்தப் படம் மாநிலம் முழுக்க வந்தது.

அதனால் கவர்னர் தோற்றுவிட்டார் என்று நான் எழுதினால் அது கதை. அவர் ஜெயித்தார். எங்கள் கவுண்டியிலும் ஜெயித்தார். லவோனே அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கேட்டேன். "சீட்டு மடிச்சுத்தான போடறோம்," என்றார். கூரைப் பணமும் வந்தது. அறிவித்த பிறகு அதை நிறுத்த யாருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பன்றிகள் இப்போது நனையாமல் பரிசு வாங்குகின்றன.

நாற்காலி போயிற்று. யாரும் பிடுங்கவில்லை. பிடுங்குவதற்குள் லவோனே குழுவுக்குப் போய், இனி ஓடைத் தண்ணீர்ப் பிரிவு வருடா வருடம் நடக்க வேண்டும், அதில் என் வீடு போட்டியிடும், ஆகவே நான் நடுவராக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். டுவைனுக்கு மறுக்க ஒரு விதியும் கிடைக்கவில்லை. பிறகு டுவைன் நேராக மருந்துக்கடைக்கு வந்தார்.

"கோமதி, நீங்கதான் உக்காரணும்."

"நானா? எனக்கு ஜாமும் தெரியாது, ஜெல்லியும் தெரியாது."

"யோசிச்சுப் பாத்தாச்சு. இந்தக் கவுண்டில நிலம் இல்லாத, பன்னி இல்லாத, யாருக்கும் உறவு இல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவர் நல்லதாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்று சாயங்காலம் லவோன் வந்து, அந்த மெத்தையை ஒரு வார்த்தையும் சொல்லாமல் மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போனார். உறை புதிது.

டெல்மர் அந்தக் குளிர்காலத்துக்கு முன்பே குழாயின் வாய்க்கு முன்னால் பள்ளம் வெட்டி மரச்சில்லுகளைக் கொட்டினார். தண்ணீர் அதற்குள் ஊறி வந்தால் உரம் கொஞ்சம் குறையுமாம். ஓடையோரம் புல்லும் போட்டார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்று டுவைன் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அண்ணியின் முகத்தை வீட்டுக்குள் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, பேசுவார்.

அடுத்த ஆகஸ்டில் நான் மெத்தையில் உட்கார்ந்தேன். டெல்மரின் வெள்ளரிக்காய் ஊறுகாய் கடைசியாக மேசைக்கு வந்தது. மேலே ஒரு கடுகு மிதந்தது. விதியை நான் எழுதவில்லை, சிவப்பு ஒட்டினேன். டெல்மர், "நன்றி," என்றார்.

பிறகு தண்ணீர் ஜாடி. சீட்டு மடித்துத்தான் இருந்தது. ஜாடியின் எதிரே லவோன் ஹார்ம்ஸ், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாளை முக்கினேன். பன்றிக்குட்டி மூக்கு நிறத்தோடு நின்றது. பீட்ரூட்டுக்குப் போகவில்லை. ஆனாலும் வெள்ளைத்தாள் வெள்ளையாக இல்லை. என் கை ரிப்பன் பெட்டியில் சிவப்புப் பக்கம் போயிற்று. சிவப்பை எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்ததை இங்கே மறைக்கவில்லை. வெள்ளையை எடுத்தேன்.

"மொதல்ல நல்லதச் சொல்லணும்," என்றார் லவோன் மெதுவாக.

"போன வருஷத்த விட நிறம் இளசா இருக்கு," என்றேன். 

அவர் தலையை ஆட்டினார். ஊருக்கெல்லாம் ரிப்பன் ஒட்டியவர் வாழ்நாளில் வாங்கிய முதல் ரிப்பன் அது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் குறுக்கே சரிபாதியாக வெட்டினார். சீட்டை விரித்துக் காட்டினார். போட்டியாளர் பெயர் என்ற இடத்தில் "டெல்மர், லவோன் ஹார்ம்ஸ்" என்றும், அதன் கீழே "கவர்னர் ஹாலிஸ் பிரென்னர்" என்றும் எழுதியிருந்தது.

"அவரு பங்க அனுப்பிடணும்ல," என்றார்.

லவோனின் பாதி இன்று சமையலறை ஜன்னலில், ஓடையைப் பார்த்தபடி தொங்குகிறது. மற்றப் பாதி தபாலில் போயிற்று, பதில் இல்லை. போட்டி அன்றே ஐந்து மணிக்கு மேல் லவோன் என் மேசைக்கு வந்தார். என் கை சிவப்புப் பக்கம் போனதைப் பார்த்திருக்கிறார்.

"நடுவர்கிட்டப் பேசல, கோமதிகிட்டப் பேசறேன்," என்றார். "சிவப்பு ஒட்டிருந்தியோ, உன்கூட டெல்மர் வழியாத்தான் பேசிருப்பேன். ஊறுகாய் இருக்கா?"